கராத்தே தெரியும், கலிண்டா தெரியுமா?

தற்காப்புக் கலை என்றதும் நம் கண்முன் வருவது வெள்ளை உடுப்பும் இடுப்பில் கலர் பெல்ட்டும்தான். டவுனில் தெருவுக்கு ஒரு கராத்தே வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் பெல்ட் தேர்வு, பள்ளி ஆண்டு விழாவில் ஓடு உடைத்துக் காட்டும் பிள்ளைகள். இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் மனிதர்கள் வாழ்ந்த இடமெல்லாம் ஏதோ ஒரு சண்டைக் கலை இருந்திருக்கிறது. அதில் ஐந்தாறு மட்டும் எப்படி எல்லா ஊருக்கும் போய்ச் சேர்ந்தது, மற்றவை ஏன் பிறந்த மண்ணோடு நின்றுவிட்டன என்பது எனக்கு ரொம்ப நாளாக உள்ள கேள்வி. மற்றவற்றில் அவ்வளவு சரக்கு இல்லை போலிருக்கிறது என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். புகழுக்குக் காரணம் அடியின் பலத்தில் இல்லை, வேறு இடத்தில் இருக்கிறது.

ஜூடோவைப் பாருங்கள். 1882-ல் டோக்கியோவில் கோடோகன் பள்ளியைத் தொடங்கிய ஜிகோரோ கானோ அடிப்படையில் ஒரு கல்வியாளர், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குத் தலைவராக இருந்தவர், சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியில் ஆசியாவிலிருந்து போன முதல் உறுப்பினர். ஜுஜுட்சு என்ற பழைய ஜப்பானியச் சண்டைக் கலையில் ஆளை முடமாக்கிவிடக்கூடிய பிடிகளை ஒதுக்கிவைத்துவிட்டு, இரண்டு பேர் முழு பலத்தோடு மோதினாலும் சேதமில்லாமல் வீடு திரும்பக்கூடிய பகுதியை எடுத்துப் பாடத்திட்டமாக்கினார். கறுப்பு பெல்ட் வழக்கம் அங்கிருந்து வந்ததுதான். கராத்தே ஒகினாவா தீவின் கலை. அங்கோ இடோசு 1900-களின் தொடக்கத்தில் அதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கான உடற்பயிற்சியாக்கினார், 1922-ல் கிச்சின் ஃபுனகோஷி டோக்கியோவுக்குக் கொண்டுபோய்ச் செய்துகாட்டினார், உடுப்பையும் பெல்ட்டையும் ஜூடோவிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். கொரியாவின் டேக்வாண்டோ என்ற பெயருக்கே 1955-ல் இருந்துதான் வயசு. ஜூடோ 1964-ல் ஒலிம்பிக்கில் நுழைந்தது, டேக்வாண்டோ 2000-ல் பதக்கப் போட்டியானது. ஆக, ஆயிரம் வருஷத்துப் பழசு என்று நாம் கும்பிடும் இந்த உருவம், பள்ளிக்கூடமும் அரசாங்கமும் பாடத்திட்டமும் சேர்ந்து நூற்றைம்பது வருஷத்துக்குள் செய்த உருவம்.

இந்த மூன்றும் கிடைக்காதவர்களின் கலைகளும் இருக்கின்றன. அதில் பாதிக்கு மேல் கம்புக் கலைகள் என்பது என் எண்ணம். வாள் வைத்துக்கொள்ள உரிமை இல்லாத, துப்பாக்கி வாங்கக் காசில்லாத ஆட்கள் கையில் கடைசியாக மிஞ்சுவது கம்புதான். மாடு மேய்க்கிறவன் கையில் அது இருந்தால் யாரும் கேள்வி கேட்க முடியாது.

கரீபியன் கடலில் இருக்கும் டிரினிடாட் தீவில் கலிண்டா என்று ஒரு கம்புச்சண்டை உண்டு. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு கலையை அரசாங்கம் துரத்தினால் அது எங்கெங்கே போய் முளைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. தீவு முதலில் ஸ்பெயினிடம் இருந்தது, 1783-க்குப் பிறகு பிரெஞ்சுத் தோட்டக்காரர்கள் தங்கள் ஆப்பிரிக்க அடிமைகளோடு வந்து இறங்கினார்கள், 1797-ல் ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டார்கள். அதனால்தான் கலிண்டாக்காரர்கள் பேச்சில் மூன்று நாட்டு வாடையும் அடிக்கும். கம்புக்குப் பெயர் ப்வா, அது பிரெஞ்சில் மரம். சண்டை நடக்கும் வட்டத்துக்குப் பெயர் கயெல், அது ஸ்பானியர்களின் சேவல் சண்டைக் களத்திலிருந்து வந்த சொல். பாட்டை எடுத்துக் கொடுக்கிறவர் ஷான்ட்வெல். தாளம் மட்டும் முழுக்க ஆப்பிரிக்காவுடையது.

கரும்புக் காட்டில் தீப்பிடித்தால் அக்கம்பக்கத்துத் தோட்டத்து அடிமைகளையெல்லாம் தீவட்டியும் கையுமாக, சாட்டையால் விரட்டிக்கொண்டு வந்து அணைக்க வைப்பார்கள். விடுதலை கிடைத்த பிறகு அந்த மக்கள் அதே காட்சியைத் தங்கள் திருவிழாவாக்கினார்கள், தீவட்டி, மத்தளம், முகமூடி, கையில் கம்பு. எரிந்த கரும்பு என்ற பிரெஞ்சுச் சொல்லே சிதைந்து, அந்தத் திருவிழாவுக்குக் கான்பூலே என்று பெயராயிற்று. கம்புக் கோஷ்டிகள் தெருவுக்குத் தெரு மோதிக்கொள்ளும், ரத்தம் சிந்தும், மேட்டுக்குடிக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. 1881-ல் போலீஸ் தலைவராக இருந்த கேப்டன் பேக்கர் இதை ஒடுக்கியே தீருவது என்று படையோடு இறங்கினார். நேற்றுவரை ஒருவர் மண்டையை ஒருவர் உடைத்துக்கொண்டிருந்த கோஷ்டிகள் அன்றைக்கு ஒன்றாகச் சேர்ந்து போலீஸை எதிர்த்து நின்றன. கடைசியில் கவர்னரே மக்கள் முன்னால் வந்து சமாதானம் பேச வேண்டியதாயிற்று.

மூன்று வருஷம் கழித்து, 1884-ல், சட்டம் வந்தது. தீவட்டி கூடாது, மத்தளம் கூடாது, பத்துப் பேர் கம்போடு கூடக் கூடாது. அதே வருஷம் அக்டோபர் 30-ந் தேதி, சான் ஃபெர்னாண்டோ ஊரில், தடையை மீறி மொகரம் ஊர்வலம் போன இந்தியக் கரும்புத் தோட்டக் கூலிகள் மீது போலீஸ் சுட்டது. பலர் செத்தார்கள். அங்கேயும் தலைமை அதே பேக்கர்தான். அந்த ஊர்வலத்தில் இந்து, முஸ்லிம், ஆப்பிரிக்கர் என்று எல்லாரும் இருந்தார்கள், கம்பு விளையாட்டும் அதில் ஒரு பங்கு. டிரினிடாடுக்கு 1845 முதல் 1917 வரை போன கூலிகளில் பெரும்பாலோர் கல்கத்தா துறைமுகத்து ஆட்கள், ஒரு பகுதியினர் சென்னையில் கப்பல் ஏறிய நம்மவர்கள். பிற்காலத்தில் கயெலில் இறங்கிப் பெயர் எடுத்தவர்களில் இந்திய வம்சாவளியினரும் உண்டு.

சரி, தடை போட்ட பிறகு என்ன ஆயிற்று? மத்தளம் போனதும் மூங்கிலை அளவு அளவாக வெட்டித் தரையில் குத்தித் தாளம் எழுப்பினார்கள், தம்பு பாம்பூ என்று பெயர். அது பிஸ்கட் டின்னுக்கும் இரும்புப் பீப்பாய்க்கும் மாறி, 1930-களின் கடைசியில் ஸ்டீல் பேன் என்ற வாத்தியம் பிறந்தது. சண்டைக்காரனை உசுப்பேற்றப் பாடிய ஷான்ட்வெல் பாட்டு கலிப்ஸோவாக வளர்ந்தது. இரண்டும் இன்று உலகம் முழுக்கத் தெரிந்தவை. இரண்டையும் பெற்ற கம்புச்சண்டை மட்டும் தெரியாமல் போனது.

கயெல் எப்படி இருக்கும் என்றால், மக்களே வட்டம் கட்டி நிற்பார்கள், ஓரத்தில் மத்தளம். பூயி என்ற மரத்தில் சீவிய கம்பு, மூன்றரை நாலடி இருக்கும். இறங்குகிறவன் முதலில் ஆடுவான், முழங்காலை மடக்கிக் கம்பை இரண்டு கையிலும் தலைக்கு முன்னால் ஏந்தி, எதிராளியைச் சுற்றிச் சுற்றி வந்து, பாட்டுக்காரன் வரியை இழுத்து நிறுத்தும் இடத்தில் சட்டென்று ஒரு கையை விட்டு மற்றக் கையால் வீசுவான். குறி தலை. தலையில் ரத்தம் வந்தால் ஆட்டம் முடிந்தது. களத்தில் ஒரு சின்னக் குழி தோண்டி வைத்திருப்பார்கள். அடிபட்டவன் அங்கே போய்க் குனிந்து நின்று, வழியும் ரத்தத்தை அந்தக் குழிக்குள் சொட்ட விடுவான். மண் அதை உறிஞ்சிக்கொள்ளும். அடித்தவன் பக்கத்திலேயே நிற்பான். அந்தக் குழியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நம்மூர்க் காவல் தெய்வங்களின் முற்றம்தான் ஞாபகத்துக்கு வருகிறது, இரண்டுக்கும் தொடர்பு எதுவும் இல்லை என்று தெரிந்தும்.

தலை என்ற இந்தக் குறியைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். எகிப்தின் தென்பகுதியில், லக்சர் பக்கத்துக் கிராமங்களில், தஹ்தீப் என்ற கம்பு ஆட்டம் உண்டு. கல்யாணத்திலும் மகான்களின் பிறந்தநாள் விழாக்களிலும் மேளமும் மிஸ்மார் என்ற நாயனமும் முழங்க, நீளச் சட்டை போட்ட பெரியவர்கள் இரண்டு இரண்டு பேராக இறங்கி, சலாம் வைத்துக்கொண்டு, கம்பைத் தலைக்கு மேல் சுழற்றிச் சுற்றி வருவார்கள். அங்கே அடிப்பதில்லை. எதிராளியின் தலைக்கு வழி திறந்திருப்பதைக் காட்டிவிட்டால் போதும், கம்பு தலையைத் தொட்டும் தொடாமலும் நின்றுவிடும், கூட்டம் ஆர்ப்பரிக்கும். யுனெஸ்கோ 2016-ல் தன் பாரம்பரியக் கலைகள் பட்டியலில் இதைச் சேர்த்தது. பழைய எகிப்து மன்னன் மூன்றாம் ராம்செஸ் மெதினத் ஹபுவில் கட்டிய கோயில் சுவரில், அதாவது மூவாயிரம் வருஷத்துக்கும் முந்திய சிற்பத்தில், கம்புச் சண்டைக்காரர்கள் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். அதைக் காட்டி, அன்றைக்கிருந்து இன்றுவரை அறுபடாத கலை என்பார்கள். அந்தச் சுவரில் இருப்பவர்கள் முன்கையில் தடுப்புக் கட்டையைக் கட்டிக்கொண்டு சின்னக் கம்போடு நிற்கிறார்கள், இன்றைய ஆட்டம் நீளக் கம்போடு நடக்கிறது. எகிப்தில் கம்புச் சண்டை பழசு என்பதற்கு அது சாட்சி. இதே ஆட்டம்தான் அது என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது, சொல்லாவிட்டாலும் தஹ்தீபுக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

எல்லா இடத்திலும் தலையே ஏன் குறியாகிறது? கம்பு வெட்டாது. கையில், தோளில், தொடையில் விழுந்தால் வீங்கும், ஆனால் ‘பட்டது, படவில்லை’ என்று வாக்குவாதம் வரும். தலைத் தோல் அப்படியில்லை, லேசாகப் பிளந்தாலே ரத்தம் கொட்டும், கூட்டத்தின் கடைசி வரிசையில் நிற்கிறவனுக்கும் தெரியும். நடுவர் என்று தனியாக ஒருவர் இல்லாத களத்துக்கு அதுவே தீர்ப்பு. அந்த ரத்தத்தை எப்படித் தவிர்ப்பது என்பதில்தான் ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு வழியில் போனது.

இன்னொன்று கம்பின் நீளம். அதைச் சொன்னால் பாதிக் கலையைச் சொன்னமாதிரி. போர்ச்சுகலின் வட பகுதியில், மின்யோ, திராஸ் ஒஸ் மோன்டிஸ் பக்கம், ஜோகு டு பாவ் என்று ஒன்று உண்டு. அந்தப் பெயருக்கு அர்த்தமே கம்பு விளையாட்டு. ஒன்றரை மீட்டர்க் கம்பு, இரண்டு கைப் பிடி. சந்தைக்கும் திருவிழாவுக்கும் விவசாயிகள் அதை ஊன்றிக்கொண்டே போவார்கள், ஊருக்கு ஊர் பகை இருந்தால் அங்கேயே தீர்த்துக்கொள்வார்கள். சந்தைச் சண்டையில் ஒருவனை நாலு பேர் சூழ்வது சகஜம், அதனால் வடக்கத்தி முறையில் பயிற்சியே பல பேருக்கு நடுவில் ஒருவன் நின்று நாலு பக்கமும் வீசிப் பழகுவதுதான், நிற்காமல் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். இதே கலை லிஸ்பன் நகரத்து உடற்பயிற்சிக் கூடங்களுக்குப் போனதும் ஒருவருக்கு ஒருவர் என்று ஆனது, தூரத்தை அளப்பதும் அடியின் நுணுக்கமும் வளர்ந்தன, சுற்றித் திரும்புவது குறைந்தது. அப்புறம் கிராமத்து ஆட்கள் பிழைப்புக்காக வெளிநாடு போனார்கள், துப்பாக்கி மலிந்தது, கம்பை ஊன்றிக்கொண்டு நடப்பவர்களே அற்றுப்போனார்கள். 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் கிட்டத்தட்ட முடிந்த கதை. அதன் பிறகு சிலர் தேடிப் போய் வயசான ஆசான்களிடம் கற்றதால்தான் இன்று இருக்கிறது.

பிரான்சில் கனவான்கள் கையில் வைத்திருந்த கைத்தடிக்கும் ஒரு கலை உண்டு. 95 சென்டிமீட்டர், செஸ்ட்நட் மரம், நூற்றைம்பது கிராம்கூடத் தேறாது. 1970-களில் மொரீஸ் சாரி என்பவர் அதற்கு விதி எழுதி விளையாட்டாக்கினார். அடிக்கும் முன் கை பின்னால் போய்த்தான் வர வேண்டும், குத்தக் கூடாது, முகத்துக்குக் கூண்டு. பார்க்க அழகு. என் மனசு அதில் அவ்வளவாக ஒட்டவில்லை.

தென்னாப்பிரிக்காவில் ஸுலு, கோசா மாடு மேய்க்கும் சிறுவர்கள் ஒரு கையில் அடிக்க ஒரு கம்பு, மறு கையில் தடுக்க ஒரு கம்பு என்று பழகுவார்கள். நெல்சன் மண்டேலா தன் சிறுவயதில் இதைக் கற்றதைச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

பிலிப்பைன்ஸ் கதை வேறு மாதிரி. அங்கே ஆர்னிஸ் அல்லது எஸ்க்ரிமா, கம்பு எழுபது சென்டிமீட்டர்தான். கம்பு சின்னதானால் எதிராளி கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தாக வேண்டும், அப்போது காலைவிட மணிக்கட்டு முக்கியமாகிவிடும். இரண்டு கையிலும் கம்பு பிடித்து மாற்றி மாற்றி வீசும் பயிற்சிக்கு சினவாலி என்று பெயர், மூங்கில் பிளாச்சில் பின்னிய தட்டிச் சுவர் அங்கே சவாலி, அதிலிருந்து வந்த பெயர். பின்னல் போலவே மேல் கீழ், மேல் கீழ் என்று கம்புகள் ஒன்றுக்குள் ஒன்று போய் வரும். எஸ்க்ரிமா என்பது வாள்வீச்சுக்கான ஸ்பானியச் சொல். அடிகளின் பெயரிலும் ஸ்பானியம் நிறைய உண்டு.

அந்தக் கலையில் பழைய வழக்கம், எதிராளி கம்பை வீசும்போது கம்பைத் தடுக்காதே, அதைப் பிடித்திருக்கும் கையையே அடி என்பது. சண்டைக்கு நல்ல யோசனை. வகுப்புக்கு ஆகாது, மாணவன் விரல் முட்டி உடைந்து வீட்டோடு நின்றுவிடுவான். நீக்ரோஸ் தீவைச் சேர்ந்த ரெமி பிரேசாஸ் 1960-களில் மாடர்ன் ஆர்னிஸ் என்று ஒரு முறையை அமைத்தபோது, பயிற்சியில் கையை அடிப்பதற்குப் பதில் கம்பில் கம்பு படட்டும் என்று மாற்றினார், பெல்ட்டும் கொண்டுவந்தார், உடற்கல்வி வகுப்புக்குள் நுழைத்தார். கானோ செய்த அதே வேலை. 2009-ல் பிலிப்பைன்ஸ் சட்டம் போட்டு ஆர்னிஸைத் தேசிய விளையாட்டாகவும் தேசிய தற்காப்புக் கலையாகவும் அறிவித்தது. கம்புக் கலைகளில் ஓரளவு உலகம் சுற்றியது இதுதான், சுற்றியதற்கு அந்தச் சின்ன மாற்றம் முக்கியக் காரணம் என்று நான் நம்புகிறேன். ஆனால் கையைக் குறி வைக்கும் கண் வேறு, கம்பைக் குறி வைக்கும் கண் வேறு. பத்து வருஷம் கம்பை மட்டுமே தட்டிப் பழகியவனுக்கு அந்த முதல் கண் தானாக வராது. அதனால்தான் அங்கே பழைய குடும்பங்களின் முறைகளும் வகுப்பறைக்கு வெளியே தனியாக நடக்கின்றன.

பிரம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள் பழகுவது பிரம்பில், நம் சிலம்பத்திலும் மூங்கிலோடு பிரம்பு உண்டு. கட்டை மரம் திடீரென்று முறிந்து சிம்பு கண்ணுக்குள் பாயும். பிரம்பு முறியாது, நார் நாராகப் பிசிறும், ‘என்னை மாற்று’ என்று முன்கூட்டியே சொல்லிவிடும்.

சிலம்பத்துக்கு வராமல் முடிக்க முடியாது. நம் கம்பு நெற்றி உயரம், மேலே சொன்ன எல்லாவற்றையும்விட நீளம். அவ்வளவு நீளத்தைக் கையால் மட்டும் ஆள முடியாது, காலால்தான் ஆள வேண்டும், அதனால்தான் ஊர்ப்பக்கம் வாத்தியாரிடம் போனால் முதலில் காலடிதான், கம்பு கைக்கு வர நாளாகும். பிள்ளைகள் முகம் சுளிக்கும் இடம் அது. சுற்றிலும் வீசிக்கொண்டே எதிராளி உள்ளே நுழைய முடியாதபடி ஒரு வளையத்தை உண்டாக்கிக்கொள்வதற்கு வீடு கட்டுவது என்று பெயர். ‘வீடு கட்டி அடித்தான்’ என்று சிலம்பமே பார்க்காதவர்களும் பேசுகிறார்கள் அல்லவா, அந்தச் சொல் புறப்பட்ட இடம் இதுதான். மலேசியாவில் தோட்டங்களுக்குப் போன நம் ஆட்கள் இதைக் கையோடு கொண்டுபோனார்கள், அங்கே இன்றும் நன்றாகவே நடக்கிறது.

ரத்தக் கேள்விக்கு நம் ஊர் கண்டுபிடித்த பதில் எனக்கு ரொம்பப் பிடித்தது. கம்பு நுனியில் ஒட்டிக்கொள்ளும் பொடியைத் தடவிவிடுவார்கள். யார் உடம்பில் எத்தனை தடம் என்று எண்ணுவார்கள். நெற்றியில் பொட்டு வைத்துவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. டிரினிடாடில் மண்டை உடையும் இடம், எகிப்தில் கம்பு தொடாமல் நிற்கும் இடம், இங்கே பொட்டு விழுகிறது.

இப்போது சிலம்பத்துக்கும் சங்கம், சான்றிதழ், வயசுப் பிரிவு, சீருடை எல்லாம் வந்துவிட்டது. வரட்டும், வராவிட்டால் போர்ச்சுகல் கிராமங்களின் கதிதான். என் கவலையெல்லாம் அலங்கார வீச்சு பற்றித்தான். தனியாக நின்று வேகமாகச் சுழற்றிக் காட்டுவது மேடைக்கு எடுப்பாக இருக்கிறது, மதிப்பெண் போடச் சுலபம், வீடியோவிலும் நன்றாக வரும், அதனால் பல வகுப்புகளில் பிள்ளைகள் அதையே பழகுகிறார்கள். எதிரே ஒருவன் கம்போடு நிற்கும்போது அந்தச் சுழற்சியில் எந்த நொடியில் நெற்றி திறந்து கிடக்கிறது என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. காலடியும் சோடிச் சண்டையும் தெரிந்த வாத்தியார்கள் இன்னும் இருக்கிறார்கள், பெரும்பாலும் அறுபது எழுபது வயசுக்காரர்கள், விவசாயம், கொத்து வேலை, காவல் வேலை என்று பிழைப்பு ஓட்டுகிறவர்கள். உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், முதல் மாதம் கம்பு வேண்டாம், காலடியே போதும் என்று நீங்களே சொல்லிவிட்டு வாருங்கள்.